சிலருக்கு மட்டும் ஏன் அடிக்கடி தடிமன்?

"வீட்டில எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி. அவருக்கு ஒண்டும் இல்லை, எனக்கு மட்டும் மாசம் தவறாமல் தடிமன்." மாரி தொடங்கிய பிறகு திருகோணமலையில் எந்தப் பாமசிக்கு முன் நின்றாலும் இப்படி ஒரு குரல் காதில் விழும். சொல்பவரைப் பார்த்தால் நோயாளி போலத் தெரியாது. முப்பது, நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், சுகரோ பிரஷரோ இல்லை. ஆனாலும் மூக்கு ஓடுகிறது, தொண்டை கரகரக்கிறது, இருமல் விட்டு ஒரு கிழமை ஆகுமுன் மறுபடி தும்மல் தொடங்குகிறது. காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார்: "எனக்கு எதிர்ப்புச்சக்தி குறைவு."

பெரும்பாலானோர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு பிழை. எதிர்ப்புச்சக்தி உண்மையிலேயே குறைந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வரும் வருத்தங்களின் சாயலே வேறு. அதைப் பிறகு பார்ப்போம். மற்றபடி சுகமாக இருக்கும் ஒருவருக்கு மூச்சுப்பாதைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறதென்றால் கேட்கவேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. கிருமி அவரை எத்தனை முறை வந்தடைகிறது? வந்தடைந்தால் ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டிக்கொண்டால் அவருக்கு அது எவ்வளவு தெரிகிறது? அப்புறம், இது உண்மையில் தொற்றுதானா?

எத்தனை வந்தால் "அடிக்கடி"?

வளர்ந்த ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடிமன் வருவது வழமை. சிறு பிள்ளைகளுக்கு ஆறு, எட்டு என்று வரும். ஒரு தடிமன் 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும், ஆனால் கூடவே வந்த இருமல் அவ்வளவு சீக்கிரம் விடாது. 2013 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். ஏழு முதல் ஒன்பது நாள் என்று பதில் வந்தது. முன்பு நடந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையான சராசரி ஏறக்குறைய 18 நாள்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். மூன்று தடிமன், ஒவ்வொன்றுக்கும் 18 நாள் இருமல் என்றால் 54 நாள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், அதாவது ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள், இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்துவிட்டால் அந்த மனிதருக்கு மாரி முழுவதும் இருமிய நினைவுதான் மிஞ்சும். மற்ற எட்டு மாதமும் ஒன்றும் வராமல் இருந்தது மறந்துபோகும். கணக்குப்படி அவர் சராசரி ஆள்.

சரி, ஐந்து ஆறு முறை வருகிறவர்? அங்கேயும் தற்செயலுக்கு ஒரு பங்கு உண்டு. சராசரி ஆண்டுக்கு 2.5 என்று வைப்போம். எல்லாருடைய உடலும் ஒரே மாதிரி, எல்லாருக்கும் கிருமி படும் வாய்ப்பும் சமம் என்றே எடுத்துக்கொள்வோம். அப்போதும், நிகழ்தகவுக் கணக்குப்படி, 100 பேர் வேலைசெய்யும் ஓர் அலுவலகத்தில் சுமார் 8 பேருக்கு அந்த ஆண்டு ஒரு தடிமனும் வராது, சுமார் 11 பேருக்கு ஐந்தோ அதற்கு மேலோ வரும். அந்த 11 பேரிடமும் குறை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு கணக்கெடுத்தால் பெரும்பாலும் வேறு 11 பேர் அந்த இடத்தில் இருப்பார்கள். ஆகவே ஓர் ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு உடலின் மேல் பழிபோட அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதே ஆளுக்கு என்றால்தான் காரணம் தேடுவதில் அர்த்தம் உண்டு.

ஒருமுறை வந்தால் மறுமுறை ஏன் வருகிறது?

சின்னம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் திரும்ப வருவதில்லை. தடிமன் மட்டும் ஏன் இப்படி? தடிமன் என்று நாம் சொல்வது ஒரே நோய் இல்லாததால்தான். அதை உண்டாக்கக்கூடிய வைரஸ்கள் 200 க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் மிகச் சாதாரணமான ரைனோ வைரஸில் மட்டுமே 160 க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உடல் செய்துவைக்கும் நோயெதிர்ப்புப் புரதம் இன்னொரு வகையைப் பெரிதாகத் தடுக்காது. போன கிழமை வந்ததும் இந்தக் கிழமை வந்ததும் உங்களுக்கு ஒரே தடிமன் போலத் தெரியும், உடலுக்கோ இரண்டும் முன்பின் தெரியாத ஆட்கள்.

ஒரே வைரஸ் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. கோவிட் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சாதாரணத் தடிமனைக் கொடுத்துவரும் நான்கு கொரோனா வைரஸ்கள் மனிதரிடையே சுற்றுகின்றன. அவற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஓராண்டு அளவில் தளர்ந்துவிடும். குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸும் ஆயுள் முழுவதும் பலமுறை தொற்றும். இன்ஃபுளுவென்சா தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள்.

எதிர்ப்புச்சக்தி என்றதும் நம்மில் பலர் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்கிறோம்: குறைந்தால் வருத்தம் வரும், நிரப்பினால் போய்விடும். அப்படி ஓர் அளவு உடலில் எங்கும் இல்லை. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி நினைவு, மூக்கின் தோலில் ஒரு பாதுகாப்பு, இரத்தத்தில் வேறொன்று, என்று பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. "எதிர்ப்புச்சக்தி கூட்டும்" என்று போத்தலில் ஒட்டியிருப்பதைப் படிக்கும்போது, இவற்றில் எதைக் கூட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது.

வீட்டில் முன்பள்ளிப் பிள்ளை இருக்கிறதா?

அடிக்கடி தடிமன் வருகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்கவேண்டியது இதுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 26 குடும்பங்களைச் சேர்ந்த 108 பேரிடம் ஓராண்டு முழுவதும் கிழமைக்கு ஒருமுறை மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். 2015 இல் முடிவு வெளியானது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஆண்டுக்கு மூன்று நான்கு கிழமைகள்தான் யாராவது ஒருவரின் மூக்கில் வைரஸ் இருந்தது. ஒரு பிள்ளை உள்ள வீட்டில் அது 18 கிழமையாக ஏறியது. ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டிலோ 45 கிழமை. ஆண்டுக்கே 52 கிழமைதான்!

நம் ஊர் வீடுகளை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பாலையூற்றிலோ அன்புவழிபுரத்திலோ ஒரே வளவுக்குள் அக்கா குடும்பம், தங்கை குடும்பம், அம்மம்மா என்று இருப்பார்கள். நாலு வயதுப் பேரன் முன்பள்ளியிலிருந்து கொண்டுவருவது இரண்டு நாளில் அக்காவுக்கு, நான்காம் நாள் அம்மம்மாவுக்கு, அதற்குள் தங்கையின் மகள் ரியூசனிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்துவிடுவாள். மூக்கைத் துடைத்து, மடியில் வைத்து உணவூட்டி, இரவில் பக்கத்தில் படுக்கவைக்கும் தாய்க்குத்தான் எல்லாம் வந்து சேரும். கணவருக்கு வருவதில்லை என்றால் அவர் இரும்புடம்பு என்று பொருளில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைப்பது யார் என்று பார்த்தால் போதும்.

பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் நிலையும் இதுதான். புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர், முன்பள்ளி ஆசிரியை, சிறுவர் வாட்டில் புதிதாகச் சேர்ந்த தாதி ஆகியோருக்கு முதல் ஓரிரண்டு ஆண்டுகள் அடிக்கடி வரும். அவர்கள் முன்பு சந்திக்காத வகைகளை எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். காலப்போக்கில் அது குறையும்.

இன்னொன்று, அடைபட்ட காற்று. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் காலையில் நகரத்துக்கு வரும் பஸ்ஸில் வெயில் காலத்தில் யன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். மழைக்கு அவற்றை இழுத்து மூடிவிட்டு, நெரிசலில் நின்றபடி, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டு வருகிறோம். கொழும்புக்குப் போகும் இரவு ஏசி பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் இதேதான் நடக்கிறது. மாரிக்காலத்தில் தடிமன் பெருகுவதற்கு மழைத் தண்ணீரைவிட இந்த மூடிய யன்னல்களுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

கையையும் சொல்ல வேண்டும். 2015 இல் வெளிவந்த ஒரு சிட்னி ஆய்வில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்த்தபோது மணிக்குச் சராசரி 23 முறை தங்கள் முகத்தைத் தொட்டார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை கண், மூக்கு, வாய். கிருமி பற்றிப் படித்தவர்களே இப்படியென்றால் பஸ் கம்பியைப் பிடித்துவந்த நம் கையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவுவது சலிப்பான ஆலோசனைதான், ஆனாலும் பலனுள்ளது.

அப்படியென்றால் மழையில் நனைந்தால் தடிமன் வரும் என்று அம்மம்மா சொன்னது பொய்யா? முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. வைரஸ் இல்லாமல் தடிமன் இல்லை. ரைனோ வைரஸைக் கொடுத்துவிட்டுக் குளிரில் வைத்துப் பார்த்த 1968 ஆம் ஆண்டு ஆய்வில் குளிரால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் 2005 இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் 180 பேரை எடுத்து, பாதிப்பேரைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கால்வைத்திருக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாளில் கால் நனைத்த 90 பேரில் 13 பேர் தடிமன் அறிகுறி சொன்னார்கள், நனைக்காத 90 பேரில் 5 பேர். ஏற்கெனவே மூக்கில் சத்தமில்லாமல் இருந்த வைரஸுக்கு, குளிரில் மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கியது இடம் கொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே நனைந்து வந்தால் தலையைத் துவட்டிக்கொள்வதில் தப்பில்லை. முழுகியதால்தான் வந்தது என்று பிள்ளையை ஏசுவது மட்டும் வேண்டாம்.

மூக்குக்குள் நடப்பது

ஒருநாளில் நாம் இழுக்கும் காற்று ஏறக்குறைய 10,000 லீற்றர். அதிலுள்ள தூசும் கிருமியும் நேராக நெஞ்சுக்குள் போகாதபடி மூக்கின் உட்பக்கம் மெல்லிய சளிப்படலம் பூசியிருக்கிறது. அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அந்தப் படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மூக்கின் முன்பகுதியில் ஒட்டிய ஒன்று 10 முதல் 20 நிமிடத்தில் தொண்டைக்குப் போய், நாம் அறியாமலே விழுங்கப்பட்டு, வயிற்று அமிலத்தில் அழிந்துபோகும். கிருமி வந்தும் வருத்தம் வராமல் போகும் பல நாட்களுக்குக் காரணம் இந்த அமைதியான வேலைதான்.

இதைக் கெடுப்பதில் முதலிடம் புகைக்கு. சிகரெட், பீடி குடிப்பவர்களின் நுண்மயிர்கள் சோர்ந்து, கட்டையாகி, சில இடங்களில் இல்லாமலே போகின்றன. அவர்களுக்குத் தடிமன் அதிகமாகவும் வரும், வந்தால் நெஞ்சுக்கும் எளிதில் இறங்கும். பக்கத்தில் இருந்து அந்தப் புகையை இழுப்பவருக்கும் பங்கு உண்டு. இதை எல்லாரும் அறிவார்கள், அதனால் நீட்டவில்லை.

அதிகம் பேசப்படாதது நுளம்புத்திரி. 2003 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம். அதை யன்னல் பூட்டிய அறையில், கட்டிலுக்குக் கீழே, இரவு முழுவதும் எரியவிட்டுப் படுக்கிறோம். காலையில் தொண்டை கரகரப்பு, மூக்கடைப்பு, வறட்டு இருமல். "திரும்பவும் தடிமன் பிடிச்சிட்டுது" என்கிறோம். அதற்காக நுளம்புக்குத் தலையைக் கொடுங்கள் என்று சொல்லவில்லை, மழைக்குப் பிறகு டெங்கு என்ன செய்யும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். நுளம்பு வலை கட்டலாம். திரி கொளுத்தத்தான் வேண்டுமென்றால் படுக்கப்போகும் முன் கொளுத்தி, பிறகு அணைத்து, யன்னலைத் திறந்துவிடலாம். விறகடுப்புப் புகை போக வழியில்லாத குசினிக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு வெள்ளியும் அறையைப் பூட்டிச் சாம்பிராணி போடுகிறவர்கள் கோபிக்கக்கூடாது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நித்திரை பற்றி இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஷெல்டன் கோஹென் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரமான வேலையைச் செய்துவந்தார். சுகமாக உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வாழ்க்கையை விசாரித்துக்கொண்டு, மூக்கில் தடிமன் வைரஸைச் சொட்டுவிட்டு, தனியே தங்கவைத்து யாருக்குத் தடிமன் வருகிறது என்று பார்த்தார். எல்லாருக்கும் கிருமி கொடுத்தாகிவிட்டது. ஆகவே "எனக்குத்தான் அதிகம் பட்டது" என்ற வாதத்துக்கே இங்கு இடமில்லை.

2009 இல் 153 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக நித்திரை கொண்டவர்களுக்கு, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நித்திரை கொண்டவர்களைவிடத் தடிமன் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவரவர் வாயால் சொன்னதை நம்பாமல் கையில் கருவி கட்டி அளந்து 2015 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் நித்திரை கொண்டவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். மனஅழுத்தம் கூடக்கூடத் தடிமனும் கூடுவதை 1991 இலேயே இதே குழு காட்டியது. எனக்குப் பிடித்தது 1997 இல் வந்தது: பெற்றோர், துணை, நண்பர், அயலவர், வேலைத்தளம், சங்கம், கோயில் என்று பலவகைப்பட்ட உறவுகளோடு பழகுகிறவர்களுக்குத் தடிமன் குறைவாக வந்தது. கூட்டத்தோடு பழகினால் கிருமி கூடுதலாகப் படுமே என்று நினைப்போம். கிருமியை எல்லாருக்கும் சமமாகக் கொடுத்த பிறகு பார்த்தால் உறவுள்ளவர் பக்கமே நன்மை இருந்தது.

திருக்கடலூரில் இரவு தொழிலுக்குப் போய் விடியக் கரைக்கு வரும் மீனவருக்கும், இரவு வேலை மாறிமாறிச் செய்யும் தாதிக்கும் இதில் சொந்த விருப்பம் என்று ஏதும் இல்லை. பகலில் நித்திரை கொள்ளும் அவர்களை எழுப்பாமல் விடுவது வீட்டாரின் பொறுப்பு. ஆனால் இரவு ஒரு மணி வரை போனைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் சத்து மாத்திரை விழுங்குகிறவரின் கணக்கு எனக்கு விளங்குவதில்லை.

வந்தும் தெரியாதவர்கள்

தடிமனே வராத மனிதர் என்று சிலரைச் சொல்வோம். அவருக்கும் வைரஸ் வருகிறது. தொற்றுப் பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அறிகுறி எதுவும் தெரிவதில்லை. யூட்டா ஆய்விலும் வைரஸ் பிடிபட்ட தருணங்களில் பாதியளவில்தான் நோயின் அடையாளம் இருந்தது.

இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் வருகிறது. ரைனோ வைரஸ் மூக்கின் தோலைப் பெரிதாக அழிப்பதில்லை. மூக்கு ஓடுவது, வீங்கி அடைப்பது, தொண்டை நோவு, அசதி எல்லாம் அந்த வைரஸைக் கண்டு நம் உடல் செய்யும் ஆர்ப்பாட்டம். ஒரே கிருமிக்கு ஒருவர் உடல் அடக்கமாகவும் இன்னொருவர் உடல் உரத்தும் பதில் சொல்லும். எனவே பெரிதாகத் தும்மிக்கொண்டிருப்பவரின் எதிர்ப்பு பலவீனமானது என்று சொல்லவே முடியாது, சில வேளை மிஞ்சி வேலை செய்கிறது என்றுதான் சொல்லவேண்டும். அதை இன்னும் "கூட்ட" மருந்து தேடுவது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

விற்றமின் சி பற்றிக் கேட்பீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினமும் எடுத்தாலும் சாதாரண மக்களுக்குத் தடிமன் வரும் எண்ணிக்கை குறையவில்லை. வந்த தடிமன் பெரியவர்களுக்கு 8 வீதம் அளவில் சுருங்கியது, அதாவது பத்து நாளில் முக்கால் நாள். மரதன் ஓட்டக்காரர், பனியில் பயிற்சிபெறும் படையினர் போன்ற கடும் உழைப்பாளிகளுக்கு மட்டும் எண்ணிக்கை பாதியானது. தோடம்பழமும் கொய்யாவும் சாப்பிடுங்கள், அவை ருசிக்காகவே போதும். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். சூடான பானம் மூக்கு ஓடுவதையும் தொண்டை நோவையும் அசதியையும் தணிப்பதாக 30 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தடுக்காது, இதம் தரும்.

தொற்றே இல்லாத "தடிமன்"

காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல், தெளிந்த தண்ணீர் போல மூக்கு ஓடுதல், மூக்கும் கண்ணும் அண்ணமும் அரித்தல், காய்ச்சல் இல்லை, பகல் ஏற ஏறச் சுகம். இது மாதக் கணக்கில் நடந்தால் அநேகமாக ஒவ்வாமை. பழைய ஆட்கள் பீனிசம் என்று ஒதுக்கிவைத்ததில் பெரும்பகுதி இதுதான். மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப்பூச்சிகள் இதற்கு முக்கிய காரணம். நம் தோலிலிருந்து உதிரும் துகளைத் தின்று, ஈரப்பதம் கூடிய காற்றில் பெருகுபவை அவை. கடலோர ஊரில், மெத்தையைக் காயப்போட முடியாத மாரியில், அவற்றுக்குக் கொண்டாட்டம். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும்போது வேறு சிலருக்குத் தொடங்கும். கிருமித் தொற்றுக்குக் காலம் இருப்பதுபோலவே ஒவ்வாமைக்கும் காலம் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் துவைப்பது, வெயில் வந்த நாளில் மெத்தையை வெளியே போடுவது, டொக்டர் சொன்னால் மூக்குக்குள் அடிக்கும் மருந்தை இடைவிடாமல் பாவிப்பது என்று சில மாதம் செய்தால், "வருசத்துக்குப் பன்னிரண்டு தடிமன்" இரண்டாகக் குறைவதைப் பலர் காண்கிறார்கள்.

இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் வரும் வறட்டு இருமல், ஓடினால் அல்லது சிரித்தால் வரும் இருமல், ஒவ்வொரு தடிமனுக்கும் பிறகு கிழமைக் கணக்கில் நெஞ்சில் விசில் சத்தம் ஆகியவை ஆஸ்துமாவைக் காட்டலாம். இழுப்பு வராமலே இருமல் மட்டும் காட்டும் ஆஸ்துமாவும் உண்டு. "பம்ப் பிடிச்சால் பழகிப்போகும்" என்று பயந்து இவர்கள் சிரப் போத்தல்களாகக் குடித்து முடிப்பார்கள். பம்ப் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் தேவைப்படும் அளவும் சிறியது, அடிமையாவதும் இல்லை. நெஞ்செரிவோடு வரும் இருமலுக்கு இரைப்பை அமிலம் காரணமாகலாம்.

அப்புறம் ஒரு குளிசை. பிரஷருக்குக் கொடுக்கப்படும் எனலாபிரில், லிசினோபிரில், கப்டோபிரில் வகை மருந்துகள் பத்தில் ஒருவர் அளவுக்கு வறட்டு இருமலைத் தரும். தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டுவது போல ஓயாத இருமல். நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்.

உண்மையிலேயே யோசிக்கவேண்டிய நேரம்

எண்ணிக்கையைவிட வருத்தத்தின் தன்மையைப் பாருங்கள். வருடத்துக்கு ஏழு முறை மூக்கு ஓடித் தானாக மாறுகிறவரைவிட, இரண்டு வருடத்தில் இரண்டு முறை நியூமோனியாவுக்கு வாட்டில் படுத்தவரைப் பற்றித்தான் டொக்டர்கள் கவலைப்படுவார்கள். ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தடவை சீழ்பிடித்த சைனஸ் அல்லது காதுத் தொற்று, ஊசியில் அன்டிபயோட்டிக் ஏற்றித்தான் மாறுகிறது என்ற நிலை, ஆழமான கட்டிகள், வாயில் திரும்பத் திரும்ப வெள்ளைப் படலம், காரணமில்லாத வயிற்றோட்டமும் மெலிவும், குடும்பத்தில் இப்படி ஒருவர் என்று இருந்தால் நோயெதிர்ப்புக் குறைபாட்டைத் தேடத்தான் வேண்டும். இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்ப்பதில் அது தொடங்கும். நோயெதிர்ப்புப் புரதங்களை உடல் போதிய அளவு செய்யாத பிறவிக் குறைபாடு ஒன்று முப்பது வயதுக்கு மேலும் முதன்முதலாக வெளிப்படுவதுண்டு. அரிதானது, ஆனால் குறையும் புரதத்தை ஏற்றிக் கட்டுப்படுத்தலாம்.

அதற்கு முன் பார்க்கவேண்டிய சாதாரணமானவை இருக்கின்றன. சுகர் இருப்பதே தெரியாமல் இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர், ஆகவே அதைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சின் ஒரே இடத்தில் நியூமோனியா வந்தால் அந்தக் குழாயை ஏதோ அடைக்கிறதா என்று பார்ப்பார்கள். தினமும் கோப்பைக் கணக்கில் சளி வந்தால் பழைய தொற்றால் விரிந்துபோன மூச்சுக்குழாயாக இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் விடாத இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் இருக்கக்கூடாது. அரச மார்புநோய்க் கிளினிக்கில் அது இலவசம். வெட்கப்பட்டுப் பிந்தினால் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

சளி பச்சையானால் அன்டிபயோட்டிக் வேண்டும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நிறம் நம் வெள்ளை அணுக்களிலிருந்து வரும் ஒரு நொதியின் நிறம், வைரஸ் தடிமனிலும் மூன்றாம் நாலாம் நாள் அப்படி ஆவது இயல்பு. அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஐந்தாம் நாள் தொடங்கிய குளிசைக்கு ஏழாம் நாள் சுகம் வந்தால், குளிசை இல்லாமலும் அது ஏழாம் நாள் வந்திருக்கும். துண்டில்லாமல் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துவதால் கிடைப்பது வயிற்றுக் குழப்பமும், பிறகு உண்மையான தொற்றுக்கு மருந்து கேளாமல் போவதும்தான்.

டொக்டரிடம் போவதென்றால் கலண்டரில் இரண்டு மூன்று மாதம் குறித்துக்கொண்டு போங்கள். தொடங்கிய திகதி, காய்ச்சல் இருந்ததா, மூக்கிலிருந்து வந்தது தண்ணீரா சளியா, கண் அரித்ததா, வீட்டில் முதலில் யாருக்கு வந்தது, எத்தனை நாளில் மாறியது, என்ன மருந்து எத்தனை நாள். "நவம்பர் 3, முதல் மகனுக்கு, பிறகு எனக்கு, காய்ச்சல் இல்லை" என்ற அளவுக்கு எழுதினால் போதும். வழக்கமாகக் குடிக்கும் குளிசைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிரஷர் குளிசையையும் சேர்த்து.